மழை சொல்லாத வாரம்

மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு லிஃப்ட்காரர் ஃபோன் செய்வார். சரியாகப் பத்து மணிக்கு அடித்தால் நான் அப்போதுதான் பையை மேஜைமேல் வைத்துக்கொண்டிருப்பேன், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டேன் என்று அவராகவே எனக்குப் பத்து நிமிடம் சலுகை கொடுத்திருந்தார்.

"லிஃப்ட் பேசுறேன். முகாம்ல மழை எப்படிம்மா?"

நான் முகாம் குறிப்பேட்டைப் பிரித்துப் படிப்பேன். மூன்றாம் தேதி பதினெட்டு மில்லிமீட்டர். நான்காம் தேதி மழை இல்லை. ஐந்தாம் தேதி நாற்பத்தொன்று. அந்தப் பக்கம் பென்சில் உரசும் சத்தம் கேட்கும். ஒரு மாத மழையைப் படித்து முடிக்க நாலு நிமிடம் ஆகும். அந்த நாலு நிமிடமும் நான் அலுவலகத்தில் இருப்பதில்லை. என்றைக்கும் பார்த்திராத ஒரு காட்டில், தகரக் கூரையின் கீழே நின்று, இலைகளிலிருந்து நீர் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஏன் மழையைக் கேட்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"வேற எதைக் கேட்டாலும் சொல்லக்கூடாதுங்கிறியே. அதான்."

அது உண்மைதான். எங்களுடையது காட்டுக்குள் தாமிரம் தேடும் கம்பெனி. தேடும் கம்பெனி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இருபத்தொரு வருடத்தில் ஒரு கரண்டி செய்யும் அளவுக்குக்கூட நாங்கள் தாமிரம் எடுத்ததில்லை. துளை மட்டும்தான் போட்டோம். ஆற்றில் இரண்டு நாள் படகிலும் பிறகு ஒரு நாள் நடந்தும் போனால் வரும் முகாமில் ஒரு புவியியலாளரும் ஏழெட்டுத் தொழிலாளிகளும் இருந்தார்கள். தினமும் சாயங்காலம் புவியியலாளர் வயர்லெஸ்ஸில் குறிப்பு அனுப்புவார். அன்றைய மழை எவ்வளவு, துளை எத்தனை மீட்டர் இறங்கியது, கல் எப்படி இருக்கிறது, யாருக்குக் காய்ச்சல். துளையும் கல்லும் பங்குச் சந்தைக்குச் சொல்லும்வரை ரகசியம். மழை யாருடைய ரகசியமும் இல்லை.

பங்குதாரர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. சிறிய பங்குதாரர்கள் நாலாயிரம் பேர். "இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்பார்கள். சிலர் கத்துவார்கள், சிலர் அழுவார்கள். ஒருவர் வருடத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டு, "நீங்க உயிரோட இருக்கீங்களான்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். லிஃப்ட்காரர் மட்டும் எத்தனை நாள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"லிஃப்ட் வரலைன்னா பட்டனைப் போட்டு அமுக்கு அமுக்குன்னு அமுக்குவாங்க பாரு, அவங்களை எனக்கு நல்லாத் தெரியும்" என்பார். "நான் லிஃப்ட் குழிக்குள்ள இருந்துக்கிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டே இருப்பேன். ஒரு தரம் அமுக்கினாலும் அதே நேரம்தான், நூறு தரம் அமுக்கினாலும் அதே நேரம்தான்."

எங்கள் கட்டடத்து லிஃப்ட்டை மாட்டியதே அவர்தான். இருபத்தொரு வருடத்துக்கு முன்னால், மூன்றாவது மாடியில் கூண்டின்மேல் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் எம்.டி. மரத்தட்டுகளில், துளையிலிருந்து எடுத்த கல் உருளைகளைச் சுமந்துகொண்டு படியேறி வந்திருக்கிறார். லிஃப்ட் ஓடாததற்குத் திட்டாமல், ஒரு கல்லை எடுத்து அவர் கையில் கொடுத்து, "பச்சையா தெரியுதில்ல, அதுதான் செம்பு" என்றாராம். வாழ்நாள் முழுக்கச் செம்புக் கம்பிகளோடு மல்லுக்கட்டியவர், அது மண்ணுக்குள் பச்சையாக இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தார். அடுத்த வாரமே பங்கு வாங்கினார். ஓய்வுபெற்றபோது கைக்கு வந்ததில் முக்கால்வாசியையும் அதிலேயே போட்டார்.

அவர் குடியிருந்தது நாலாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. "ஊர் பூரா ஏத்தி இறக்கினேன், என்னை ஏத்தத்தான் ஆளில்ல" என்று சிரிப்பார். குழிகளுக்குள் ஏணி ஏறி இறங்கியே இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. ஏழு மாதமாக அவர் தெருவை ஜன்னல் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மகள்தான் வேலை முடிந்து வரும்போது காய்கறியும் மருந்தும் தூக்கிக்கொண்டு ஏறுவாள். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தது. பங்கில் போடாமல் அவர் விட்டுவைத்திருந்த ஒரே தொகை அதற்கானது.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வாரம் மட்டும் நான் அவருக்கு மழை சொல்லவில்லை.

பதினேழாம் துளையில் கல் முழுக்கப் பச்சையாக வந்திருந்தது. எம்.டி. எங்களைக் கூப்பிட்டு, சந்தைக்குச் சொல்லும்வரை முகாம் என்ற பேச்சே வாயில் வரக்கூடாது, மழைகூடச் சொல்லாதே என்றார். திங்கட்கிழமை லிஃப்ட்காரர் கூப்பிட்டபோது, "இந்த வாரம் மழை சொல்ல முடியாது ஐயா" என்றேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது, குரல் நடுங்கியது. ஆறு நாள் கழித்து அறிவிப்பு வந்தது. பங்கு விலை ஏழு மடங்கு ஏறியது. அவர் ஒரு பங்கைக்கூட விற்கவில்லை. "இப்பதான் முதல் மாடியைத் தாண்டுது, அதுக்குள்ள இறங்கச் சொல்றியா?" என்று கேட்டார். பதினெட்டிலிருந்து இருபத்தாறுவரை எந்தத் துளையிலும் ஒன்றும் வரவில்லை. விலை பழைய இடத்துக்கும் கீழே போனது. அதைப் பற்றி அவர் வருத்தப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் வருடாந்தரக் கூட்டத்துக்கு வரும் மற்றப் பங்குதாரர்களிடம், "அந்தப் பொண்ணு மழை சொல்லல, அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

இந்த முறை, மாதத்தின் முதல் திங்கட்கிழமை, எம்.டி. என்னையும் கணக்கரையும் காலை ஒன்பதரைக்கே வரச்சொல்லித் தன் அறைக்குள் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு கடிதம் இருந்தது. அதன்மேல் அவர் பச்சைக் கறை படிந்த ஒரு கல்லை வைத்திருந்தார், காற்றில் பறந்துவிடும் என்பதுபோல. ஜன்னல் மூடித்தான் இருந்தது.

"உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டாங்களாம்" என்றார். "காட்டைப் பாதுகாக்கப்பட்ட காடுன்னு அறிவிச்சுட்டாங்களாம். அறுபது நாள்ல முகாமைக் காலி பண்ணணுமாம்."

கணக்கர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதையும் பார்க்க விருப்பமில்லாதபோது அவர் செய்வது அதுதான்.

"அப்போ புதுப் பங்கு, சார்?" என்று கேட்டேன்.

இரண்டு வாரமாகப் பழைய பங்குதாரர்களுக்கு மட்டும் குறைந்த விலையில் புதுப் பங்கு கொடுத்துக்கொண்டிருந்தோம். படிவமும் பணமும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும். கட்டிய பணத்தை அதற்குப் பிறகு திரும்பக் கேட்க முடியாது. அதுவரைக்கும் கால்வாசிகூட வரவில்லை.

"அது பாட்டுக்கு நடக்கும். நிர்வாகக் குழு சனிக்கிழமைதான் கூடுது. குழு பார்க்கிற வரைக்கும் இது வெறும் காகிதம். வக்கீலும் அப்படித்தான் சொல்றார்."

"ஜனங்க பணம் கட்டிடுவாங்களே, சார்."

"அந்தப் பணம் இருந்தாத்தானே மேல்முறையீடு பண்ண முடியும்?" என்றார். என்னை மடக்குவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. அவர் தன் இரண்டு வீட்டையும் விற்று இந்தத் துளைகளில் போட்டவர். அவர் நம்பினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் முன்னால் ஆளுக்கொரு தாளை நகர்த்தினார். வெளியிடாத தகவலை யாருக்கும் சொல்ல மாட்டோம், சொன்னால் என்ன தண்டனை என்று சட்டப் பிரிவு எண்களோடு அதில் இருந்தது. சிறை என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது. கணக்கர் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். வேறுமாதிரி நடந்துகொண்டிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அந்த நேரத்தில் கை பேனாவைத்தான் தேடியது.

"முகாம்னு ஒரு பேச்சு வெளிய போகக்கூடாது" என்றார் எம்.டி. என்னைப் பார்த்து, "மழையும்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

மேஜைக்குத் திரும்பியபோது மணி பத்தேகாலை நெருங்கியிருந்தது. ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. பங்குதாரர்களோடு பேசுவதெல்லாம் பதிவாகும். பேசும்போது பக்கத்துப் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். இத்தனை வருடத்தில் அதை நான் கவனித்ததே இல்லை. அன்றைக்கு அதை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

"லிஃப்ட் பேசுறேன். மூணு நிமிஷம் அடிச்சுட்டே இருந்துச்சே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்ல ஐயா."

"சரி, பென்சில் சீவி வெச்சுட்டேன். சொல்லு."

"இந்த வாரம் மழை சொல்ல முடியாது ஐயா."

 அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் வந்தது.

"சொல்ல முடியாதா, சொல்லக்கூடாதா?"

"சொல்லக்கூடாது."

"யார் சொன்னது?"

"அதையும் சொல்லக்கூடாது ஐயா."

அவர் மூச்சு விடுவது கேட்டது. மெதுவாக, ஒரு கனமான பொருளைச் சத்தமில்லாமல் தரையில் இறக்கி வைப்பவர்போல.

"புரிஞ்சுதும்மா" என்றார்.

"இல்ல, உங்களுக்குப் புரியல ஐயா."

"எனக்கா புரியாது? எட்டு வருஷம் ஆச்சு. உன் குரல்ல இந்த நடுக்கத்தை நான் மறுபடி எப்போ கேப்பேன்னு எட்டு வருஷமா உட்கார்ந்திருக்கேன்."

"ஐயா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"எதுவும் சொல்லாதே. உன் வேலைக்கு உலை வெச்சுக்காதே. என்னால உனக்குக் கெட்ட பேர் வரக்கூடாது." வைத்துவிட்டார். என்னைக் காப்பாற்றுவதற்காக.

சிவப்பு விளக்கு அணைந்தது.

மறுநாள் பத்து மணிக்கு நான் உள்ளே நுழையும்போதே ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. முதலில் ஒரு அச்சகக்காரர். வழக்கமாக, எங்களை மூன்று தலைமுறைக்குத் திட்டுவதற்காகவே கூப்பிடுபவர். அன்றைக்கு வெண்ணெய்போலப் பேசினார்.

"சும்மாதான் கூப்பிட்டேன். முகாம்ல மழையெல்லாம் எப்படி?"

"அதைச் சொல்ல முடியாது சார்."

"ஓகோ" என்றார். "ஓகோ. சரி, சரி. ரொம்ப நன்றிம்மா."

அடுத்தது ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ். அதற்கடுத்து, உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்பவர், இந்த வருடம் இரண்டாம் முறையாக. எல்லோரும் மழையைக் கேட்டார்கள்; லிஃப்ட்காரர் தனக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். மதியத்துக்குள் பத்தொன்பது பேர். காட்டில் மழை பெய்தால் என்ன, பெய்யாவிட்டால் என்ன என்று பத்து வருடம் இருந்தவர்கள். நான் ஒவ்வொருவரிடமும் சொல்ல முடியாது, சொல்ல முடியாது என்று சொல்லச் சொல்ல, கீழ்த்தளத்தில் தபால் பெட்டி நிரம்பியது. எங்கள் விளம்பரத்துக்கு ஆன செலவெல்லாம் வீண். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததே போதுமாக இருந்தது.

புதன்கிழமை எம்.டி. அறைக்கு நானாகவே போனேன்.

"சார், மழையை மட்டும் சொல்லிடறேனே. எப்பவும் போல."

"ஏன்?"

"மழை சொல்லலைன்னா நல்ல செய்தின்னு நினைக்கிறாங்க, சார். பதினேழாம் துளை ஞாபகத்துல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அது தோன்றியிருக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஒரு நிமிடம் அந்தக் கல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரி என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"நாம ஏதாவது பொய் சொன்னோமா?" என்று கேட்டார்.

"இல்ல, சார்."

"அவங்களா ஒண்ணை நினைச்சுக்கிட்டா அதுக்கு நாம என்ன பண்ண முடியும்? திங்கட்கிழமை சொல்லாத மழையைப் புதன்கிழமை சொன்னா, அதுவும் ஒரு தகவல்தான். வக்கீலைக் கேளு, அவரும் இதையேதான் சொல்வார். போய் வேலையைப் பாரும்மா."

வெளியே கணக்கர் படிவங்களை நூறு நூறாகக் கட்டிக்கொண்டிருந்தார். "பேசிப் பார்த்தியா?" என்றார் தலை நிமிராமல். ஆமாம் என்றேன். "நான் நேத்தே பேசிட்டேன்" என்றார்.

வியாழக்கிழமை மதியம் லிஃப்ட்காரரின் மகள் வந்தாள். நாற்பது வயதிருக்கும். செருப்புக் கடையில் வேலை, கடையின் பெயர் போட்ட நீலச் சட்டையோடே வந்திருந்தாள். தபாலில் போட்டால் நேரத்துக்கு வந்து சேராது என்று அப்பா நேரில் அனுப்பியிருந்தார். ஒரு உறையில் படிவமும் காசோலையும் இருந்தன. தொகையைப் பார்த்ததும் அது எந்தப் பணம் என்று தெரிந்துவிட்டது. ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று அவரே என்னிடம் போன மாதம் சொல்லியிருந்தார்.

"அக்கா, பன்னிரண்டாம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போகணுமே" என்றேன். அதைக் கேட்கக் கூடாது என்று எந்தத் தாளிலும் இல்லை.

"தள்ளி வெச்சுக்கலாங்கிறார். பங்கு ஏறினதும் ரெண்டு முழங்காலுக்கும் சேர்த்து, இன்னும் நல்ல ஆஸ்பத்திரில பண்ணிக்கலாமாம்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்கதான் அந்த மழை சொல்ற பொண்ணா? எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது தங்கச்சி. போடலாமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க."

கணக்கர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். எம்.டி.யின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. வேண்டாம் என்ற ஒரு சொல் என் வாய்வரை வந்தது. அதை மென்று விழுங்கிவிட்டுப் படிவத்தை மேலிருந்து கீழாகப் படித்தேன். மறுபடி படித்தேன். மூன்றாம் தடவைதான் கண்ணில் பட்டது.

"இதுல சாட்சி கையெழுத்து இல்லையே" என்றேன். "சாட்சி இல்லாம வாங்கிக்க முடியாது. நாளைக்கு அஞ்சு மணியோட முடிஞ்சிடும். வீட்டுக்குப் போய் வாங்கிட்டு வர்றதுக்கு நேரம் இருக்குமோ என்னவோ. பேசாம விட்டுடுங்களேன்."

அவள் முகம் தெளிந்தது. அவ்வளவு சட்டென்று தெளிந்ததில், அந்தக் கட்டத்தை அவளே வேண்டுமென்று காலியாக விட்டிருப்பாளோ என்றுகூடத் தோன்றியது. உறையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றி தங்கச்சி" என்றாள். லிஃப்ட் கீழே போகும் சத்தம் கேட்டது. அவள் அப்பா மாட்டிய லிஃப்ட். நான் நாற்காலியில் சாய்ந்தேன். கணக்கர் என்னைப் பார்க்காமலே ஒரு டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பாதி டீகூடக் குடித்திருக்க மாட்டேன், லிஃப்ட் மேலே வந்தது. அவளோடு கீழ்த்தளத்துக் கண்ணாடிக் கடைக்காரரும் இறங்கினார்.

"அப்பாகிட்ட ஃபோன் பண்ணிச் சொன்னேன்" என்றாள். "குறை கண்டுபிடிச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்கன்னு. விழுந்து விழுந்து சிரிக்கிறார். பெரிய ஆளுங்களுக்குப் பங்கு பத்தணும்னு சின்னவங்க படிவத்தை இப்படித்தான் தள்ளிவிடுவாங்களாம். அந்தப் பொண்ணு பாவம், மேல இருந்து சொல்லியிருப்பாங்க, அதுமேல கோவப்படாதேங்கிறார். தெருவுல யாரையாவது பிடிச்சுக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துட்டு வான்னு சொல்றார்."

கண்ணாடிக் கடைக்காரர் என் மேஜையிலேயே குனிந்து கையெழுத்துப் போட்டார். "இவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டுக் கடையில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

"அக்கா" என்றேன். "உங்களுக்கு இதுல விருப்பமா?"

"இல்ல" என்றாள். "ஆனா அவர் சிரிச்சு எவ்வளவு நாள் ஆச்சு தெரியுமா? நான் எப்படி வேணாம்னு சொல்றது?" படிவத்தை என் பக்கம் தள்ளினாள். "இப்ப எல்லாம் சரியா இருக்கா?"

எல்லாம் சரியாக இருந்தது. நான் முத்திரை குத்தினேன்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு, கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு என் சொந்த ஃபோனில் அவரைக் கூப்பிட்டேன். ஐந்து மணிக்கு முன்னால் படிவத்தைத் திரும்பப் பெற முடியும். மகள் ஒரு வரி எழுதிக் கொண்டுவந்தால் போதும். செருப்புக் கடையிலிருந்து இருபது நிமிடத்தில் வந்துவிடலாம். சொல்லிவிடுவது என்று முடிவுசெய்திருந்தேன். என்ன ஆனாலும் ஆகட்டும் என்றும் சொல்லிக்கொண்டேன்.

"யாரு?"

"நான்தான் ஐயா. கம்பெனியிலருந்து."

"உன் சொந்த நம்பரா இது?" அவர் குரல் மாறிவிட்டது. "ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? இதையெல்லாம் பின்னாடி தோண்டி எடுப்பாங்க. யார் யாரைக் கூப்பிட்டாங்க, எப்போ கூப்பிட்டாங்கன்னு பட்டியல் போட்டுப் பார்ப்பாங்க. பேப்பர்ல படிக்கறதில்லையா நீ?"

"பணத்தைத் திருப்பி வாங்கிக்குங்க ஐயா. ஐயா, கேளுங்க..."

நான் அதைச் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். ஆனால் அவர் ஃபோனைக் காதிலிருந்து ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார். மறுபடி அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாலாவது மாடியில், ஜன்னல் பக்கத்து நாற்காலியில், ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு, என் நன்மைக்காக அதை எடுக்காமல் அவர் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது. ஏழு தடவை அடித்தேன். எட்டாவது தடவை ஃபோனே அணைக்கப்பட்டிருந்தது. செருப்புக் கடையின் நம்பரைத் தேடி எடுத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் யாரும் எடுக்கவில்லை. யாரோ எடுத்தபோது ஐந்து மணியாகி நாலு நிமிடம் ஆகியிருந்தது. நான் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டேன்.

அறிவிப்பு சனிக்கிழமை இரவு வந்தது. திங்கட்கிழமை எங்கள் பங்கை வாங்குவதையும் விற்பதையும் சந்தை நிறுத்திவைத்தது. அந்த வாரம் கூப்பிட்டவர்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அச்சகக்காரர் பழையபடி திட்டினார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. நர்ஸ் மட்டும், "நீ மழையாவது சொல்லியிருக்கலாம்" என்றார். லிஃப்ட்காரர் கூப்பிடவில்லை. நான் அடித்தாலும் எடுக்கவில்லை.

அடுத்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஃபோன் அடித்தது.

"லிஃப்ட் பேசுறேன்."

"ஐயா."

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். பதினேழாம் துளை வந்தப்போ நீ பேசினியே, அந்தக் குரலும் இந்தக் குரலும் ஒண்ணுதானே? நான் எத்தனையோ தடவை மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்துட்டேன். வித்தியாசமே தெரியல."

"அப்பவும் பயம்தான் ஐயா. இப்பவும் பயம்தான்."

"ஓ" என்றார்.  "அப்பவும் பயமா. அது எனக்குத் தோணவே இல்ல பாரு."

"பன்னிரண்டாம் தேதி..."

"அதை வேணாம்னு சொல்லியாச்சு. ரொம்ப மரியாதையாத்தான் பேசினாங்க. மறுபடி எப்போ வேணும்னாலும் வாங்கன்னாங்க. எப்படி வர்றதுன்னு நான் கேக்கல." சிரிக்கப் பார்த்தார். "மேல்முறையீடு பண்றாங்களாமே. எத்தனை நாள் ஆகும்?"

அந்தக் கேள்வியை அவர் கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நாலஞ்சு வருஷம்னு சொல்றாங்க, ஐயா."

"சரி. நான் எங்க போகப்போறேன்."

தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடிப்பது அவர் பக்கத்திலிருந்து கேட்டது, ரொம்பக் கீழே, ரொம்பத் தள்ளி. பிறகு பென்சிலை எடுக்கும் சத்தம்.

"மழையைச் சொல்லு. போன மாசத்தோடது விட்டுப்போச்சு. ரெண்டு மாசமும் சேர்த்துச் சொல்லு."

குறிப்பேட்டைப் பிரித்தேன். முகாமைக் காலி செய்துகொண்டிருந்தாலும் புவியியலாளர் மழையை மட்டும் விடாமல் அளந்து அனுப்பியிருந்தார். முதல் தேதி முப்பத்திரண்டு. இரண்டாம் தேதி ஒன்பது. மூன்றாம் தேதி மழை இல்லை. நான் சொல்லாமல் விட்ட வாரத்துக்கு வந்தபோது நிறுத்தாமல் படித்தேன். திங்கள் அறுபத்தாறு, செவ்வாய் எழுபது, புதன் ஐம்பத்தெட்டு. அந்த வாரம் முழுக்க அங்கே கொட்டித் தீர்த்திருக்கிறது. பென்சில் ஒரு இடத்திலும் தயங்கவில்லை. தகரக் கூரையின் கீழே போய் நிற்கப் பார்த்தேன். முடியவில்லை. சிவப்பு விளக்குதான் தெரிந்தது.

எட்டு நிமிடம் ஆனது.

"முகாம் காலியாயிடுச்சுன்னா அப்புறம் யாரும்மா மழை அளப்பா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"சரி" என்றார். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. இரண்டு பேரும் அப்படியே ஃபோனைப் பிடித்துக்கொண்டு இருந்தோம்.